வெளிச் சாமான்

ஜனவரி 4, சனி

பேரிங் கடைக்காரர் புது வருஷ டைரி கொடுத்தார். என் பழைய டைரிகளில் எல்லாம் அளவுகள் மட்டும்தான் இருக்கும். எந்த எஞ்சினில் எத்தனை மைக்ரான் இடைவெளி, எந்த போல்ட்டுக்கு எவ்வளவு முறுக்கு, அவ்வளவுதான். இந்த வருஷம் மற்றதையும் எழுதலாம் என்று இருக்கிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு ஆவாரம்பாளையத்தில் என் ஒர்க்‌ஷாப் ஷட்டரை இறக்கினால், மறுநாள் காலையில் பால்காரர் வரும்வரை என்னிடம் பேச ஆளில்லை. ஐம்பத்து மூன்று வயதில் ஒருவன் சுவரோடு பேசினால் பைத்தியம் என்பார்கள். எழுதினால் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

இன்று ஜெசிந்தா டாக்டர் வந்தார். வடவள்ளியில் பல் ஆஸ்பத்திரி வைத்திருக்கிறார். வாரத்தில் ஆறு நாள் பல் பிடுங்குவது, ஏழாம் நாள் டிராக் ரேஸ். நேரான ரோட்டில் கால் மைல், யார் முதலில் போவது என்பதுதான் அந்த ரேஸ். ஜப்பான் கார், இரண்டு லிட்டர், டர்போ. முந்நூறு குதிரைச் சக்தி கொடுக்கிற எஞ்சினை அறுநூற்றைம்பது கொடுக்க வைக்க வேண்டுமாம். பிப்ரவரி 23 ரேஸ்.

டிக்கியில் இரண்டு கிராங்க் கொண்டுவந்திருந்தார். பிஸ்டன்கள் மேலும் கீழும் குதிக்கிற குதியைச் சக்கரத்துக்கான சுழற்சியாக மாற்றுகிற இரும்புத் தண்டுதான் கிராங்க். எஞ்சினுக்கு முதுகெலும்பு. ஒன்று காரோடு வந்தது. இன்னொன்று அவர் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது, பெட்டி பிரிக்காதது. எங்கள் தொழிலில் கார் செய்தவனே செய்து கொடுத்ததைக் 'கம்பெனி' என்போம். மற்றவன் செய்தது எவ்வளவு உசத்தியானாலும் 'வெளி'.

"எதப் போடலாம்ணா?"

"கம்பெனிதானுங்."

"பெட்டியவே இன்னும் பிரிக்கலையே?"

"பிரிக்க வேண்டியதில்லீங்."

"காரணம் சொல்லுங்கண்ணா. நான் காரணம் சொல்லாம யார் பல்லையும் புடுங்கறதில்ல."

இரண்டையும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். போகும்போது, "ஆறு வருஷத்துக்கு முன்னாடி உங்க எஞ்சின்ல கிராங்க் ஒடஞ்சுதாமே, அதனாலயா?" என்றார். ஊரில் மழை பெய்தது மறந்துவிடும், இது மட்டும் மறக்காது.

ஆமாம். அதனால்தான். என் கையால் கட்டிய எஞ்சினில் இன்னொரு கிராங்க் உடையக் கூடாது.

ஜனவரி 6, திங்கள்

கம்பெனி கிராங்க்கைக் கழுவி அளந்தேன். தண்டு உட்கார்ந்து சுழலுகிற ஐந்து மெயின் கழுத்துகளும் வட்டம் மாறவில்லை. அந்த ஜப்பான்காரனைக் கும்பிட வேண்டும். அறுநூற்றைம்பதுக்கு இது தாங்குமா? நிறைய பேர் குதிரைச் சக்தியைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். கிராங்க்கை உடைப்பது சக்தி மட்டுமில்லை. நிமிஷத்துக்குச் சுற்று ஒன்பதாயிரத்தைத் தொட்டால் தண்டு வில்லாக வளைந்து வளைந்து நிமிரும், எண்ணெய் கொஞ்சம் குறைந்தால் போதும், பெட்ரோல் நேரம் தவறி வெடித்தால் போதும். இவற்றைச் சரியாக வைத்தால் கம்பெனி கிராங்க் ஒரு சீசன் தாங்கும். ஒரு சீசன்தான். அதற்கு மேல் ஆண்டவன் விட்ட வழி.

மதியம் புளிசாதம். நேற்றையது.

ஜனவரி 7, செவ்வாய்

பெட்டியைப் பிரிக்கவில்லை.

ஜனவரி 10, வெள்ளி

பிரித்தேன். பிடிக்காதவன் வீட்டுக் குழந்தை அழகாக இருந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. ஒரே முழு இரும்பில் கடைந்தெடுத்தது. எண்ணெய் ஓட்டைகளின் வாயைக்கூட உருட்டி விட்டிருக்கிறான்.

இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பியில் தொங்கவிட்டுச் சுத்தியால் லேசாகத் தட்டினேன். கிராங்க்கில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க மெஷின் டெஸ்ட் எல்லாம் உண்டு. அதற்கு முன் காது. நல்ல கிராங்க் கோயில் மணி மாதிரி அடித்து, சத்தம் நின்று நிதானமாக அடங்கும். விரிசல் விட்டது 'டொக்' என்று அங்கேயே செத்துப்போகும். கம்பெனி கிராங்க் நன்றாக அடித்தது. வெளி கிராங்க்கும் நன்றாகவே அடித்தது. இன்னும் சொல்லப்போனால் கொஞ்சம் கூடுதல் நேரம்.

இந்தச் சத்தத்தைப் பற்றித்தான் கோதையும் ஒருமுறை போனில் கேட்டாள். என் மனைவி பூங்கோதை. "ஏனுங், விரிசல் வுட்ட கிராங்க்கு மணியாட்டம் அடிக்குமா?" என்றாள். "அடிக்காது, டொக்குனு உளுகும்" என்றேன். "சரிங்" என்று வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவளாகக் கூப்பிட்டதில்லை. அதாவது, போன ஆடியிலிருந்து.

அவள் பொள்ளாச்சியில் தம்பி வீட்டில் இருக்கிறாள். என் மாமியாருக்கு இடுப்பெலும்பு முறிந்து பார்த்துக்கொள்ளப் போனாள். இரண்டு வருஷம் ஆகிறது. எலும்பு கூடிவிட்டது. மாமியார் இப்போது கோயிலுக்கு நடந்தே போகிறாராம்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். எதிர் லேத் பட்டறையில் இரண்டு கரும்பு கொடுத்தார்கள். தனியாக ஒருவன் இரண்டு கரும்பை என்ன செய்ய முடியும்? ஒன்றைக் கடித்தேன். ஓரப் பல் வலிக்கிறது. டாக்டரிடம் சொன்னால் பிடுங்கிவிடுவார்.

ஜனவரி 15, புதன்

லீவு. ஒர்க்‌ஷாப்பில் சும்மா உட்கார்ந்திருந்தேன். சத்தமே இல்லாத ஒர்க்‌ஷாப் நன்றாக இல்லை.

நடந்ததை ஒருமுறை எழுதிவிடலாம். கோதையின் தம்பி தண்டபாணி, எனக்கு மாப்பிள்ளை. வெளி கிராங்க்குகளை வரவழைத்து இந்த ஊரில் கடை போட்டு விற்ற முதல் ஆள் அவன்தான். முதல் சரக்கு எட்டு. அதில் ஒன்றை ரவிசேகர் என்ற டிரைவரின் எஞ்சினில் நான் பொருத்தினேன். ரேஸில் மூன்றாவது ஓட்டத்தில் அது இரண்டாக உடைந்தது. எண்ணெய் கொட்டி அதன்மேல் டயர் ஏறி, வண்டி சுற்றிப் போய் டயர்ச் சுவரில் மோதியது. ரவிசேகருக்கு வலது மணிக்கட்டு போனது. எல்லோரும் என்னைச் சுற்றி நின்று என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்றார்கள். எஞ்சின் பிளந்து வெளியே தெரிந்த உடைந்த தண்டைக் காட்டிச் சொன்னேன்: "வெளிச் சாமான் வெளிச் சாமான்தான்."

மாப்பிள்ளை இரண்டடி தள்ளி நின்றான். கோதையும் நின்றாள்.

அன்றிலிருந்து அவன் பெயர் 'டூப்ளிகேட் தண்டபாணி'. மூன்று மாதத்தில் கடையை மூடினான். இப்போது ஆனைமலை ரோட்டில் ஒரு தேங்காய் நார் மில்லில் சூப்பர்வைசர். அன்று வீட்டுக்கு வந்ததும் கோதை கேட்டாள்: "நல்லாப் பாத்துட்டுத்தான் சொன்னீங்ளா?" பார்த்தேன் என்றேன். அதன்பிறகு நான்கு வருஷம் ஒரே வீட்டில்தான் இருந்தோம். சண்டை ஒன்றும் இல்லை. சண்டை இருந்திருந்தால் தேவலை.

ஜனவரி 18, சனி

இரண்டு மணிக்கு டாக்டர் வந்தார். கையில் இரண்டு பார்சல் பிரியாணி. "ஒரு கம்பெனிக்கு வாங்கிட்டு வந்தேண்ணா, தனியா சாப்பிடப் புடிக்கல" என்றார். கம்பெனி என்றதும் என் கண் கிராங்க்கைத்தான் பார்த்தது. அந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தம் இருப்பது மறந்தே போயிருந்தது. கோதைகூட முன்பு கேலி செய்வாள்: "கம்பெனி கம்பெனின்னே இருங்க, கடைசீல கம்பெனிக்கு ஆளிருக்காது."

சாப்பிட்டுவிட்டு, இரண்டையும் பார்க்கிறேன் என்று சொன்ன வாக்குக்காக, வெளி கிராங்க்கை எஞ்சின் பிளாக்கில் வைத்துப் பார்த்தேன். பேரிங் என்பது கிராங்க்கின் கழுத்து உட்காருகிற மெல்லிய பிறை. கழுத்துக்கும் பிறைக்கும் நடுவே எண்ணெய் மட்டும் இருக்க வேண்டும். அலமாரியில் கம்பெனி பேரிங் புது செட் இருந்தது, அதையே போட்டேன். நான் வேறு போடுவதில்லை. கையால் திருப்பினால் லேசாக இறுக்கம்.

"இறுக்கமா இருக்கே?" என்றார்.

"புதுசுங். ஓட ஓடச் சரியாயிரும்."

"கட்டின பல்ல மாட்டி நான் இப்பிடிச் சொன்னா பேஷன்ட் அடிப்பாங்கண்ணா." கைப்பையிலிருந்து நீலத் தாளை எடுத்தார். பல் கட்டியதும் கடிக்கச் சொல்லித் தருவார்களே, அந்தத் தாள். எங்கே உயரமோ அங்கே நீலம் ஒட்டும். "வெச்சுப் பாக்கட்டுமா?"

சிரித்துக்கொண்டே வையுங்கள் என்றேன். ஒரு துண்டு கிழித்து வைத்துத் திருப்பி, எடுத்துப் பார்த்தோம். பேரிங்கின் நடுவில் நீலமே இல்லை. ஓரத்தில் மட்டும், நகக்கீறல் அகலத்துக்கு, சுற்றிலும் ஒரு நீலக் கோடு.

"ஓரத்துலதான் கடிக்குது. இப்பிடி ஒரு பல்ல வெச்சுட்டுப் போனா மறுநாளே தாடையப் புடிச்சுட்டு வந்துருவாங்க."

பிறகு பெட்டிக்குள் கையை விட்டு ஒரு தாளை எடுத்துப் படித்தார். நான்கு வரி. வெளிக்காரன் தண்டு உறுதியாக இருக்கட்டும் என்று கழுத்தும் பக்கச் சுவரும் சேருகிற மூலையை அகலமாக வளைத்திருக்கிறான். கம்பெனி பேரிங் கம்பெனி கிராங்க்கின் சின்ன மூலைக்கு அளவெடுத்தது. இரண்டையும் சேர்த்தால் பேரிங்கின் ஓரம் அந்த வளைவின்மேல் ஏறி உரசும். சூடேறும், எண்ணெய் அறுந்துபோகும். ஓரம் சீவிய பேரிங்தான் போட வேண்டும் என்று எழுதியிருந்தது.

"ரெண்டுமே நல்ல சாமான்தான். சேத்து வெக்கறவங்க பாத்து வெக்கணும், இல்லைங்களாண்ணா?"

ம் என்றேன்.

"அப்ப அந்த ஒடஞ்ச எஞ்சின்ல என்ன பேரிங் போட்டிருந்தீங்க?"

"ஞாபகமில்லீங்" என்றேன்.

ஜனவரி 19, ஞாயிறு

ஞாபகமில்லை என்று சொன்னேனே தவிர, இந்தக் கைக்கு எதுவும் மறந்ததில்லை. மறந்தாலும் டைரி இருக்கிறது.

ஆறு வருஷத்துக்கு முந்தைய டைரி. என் கையெழுத்து. அப்படியே எழுதுகிறேன்:

"ரவிசேகர் எஞ்சின். கிராங்க் – வெளி. பேரிங் – கம்பெனி. திருப்பினால் லேசான இறுக்கம். புதுசு, சரியாகிவிடும். மாப்ள போன். பெட்டியில் பேப்பர் இருக்கிறதாம், படிக்கச் சொல்கிறான். எனக்கே சொல்லித் தருகிறான்."

ஜனவரி 20, திங்கள்

இன்று வேலை ஓடவில்லை. ஒரு நட்டு கீழே விழுந்து உருண்டது. தேடவில்லை.

ஜனவரி 22, புதன்

பெஞ்சுக்கு அடியில் ஒரு சாக்கு மூட்டை இருக்கிறது. ஆறு வருஷமாகக் கூட்டும்போதெல்லாம் அதைச் சுற்றித்தான் கூட்டுகிறேன். இன்று இழுத்துப் பிரித்தேன். உடைந்த கிராங்க், இரண்டு துண்டு. அதன் பேரிங்குகள் ஒரு பழைய பனியனில் சுற்றியிருந்தன. மூன்றாம் நம்பர் பிறையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஓரத்தில் மட்டும் தேய்ந்து, கண்ணாடி மாதிரி ஒரு பளபளப்பான கோடு, சுற்றிலும். உடைந்ததும் அதே மூன்றாம் கழுத்தின் மூலையில்தான். கிராங்க் நீலம் பாரித்திருக்கிறது. சூட்டில் வெந்திருக்கிறது. பாவம், அது என்ன செய்யும்.

இன்றைக்குத்தான் பார்த்தேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். இந்த டைரியை யாரும் படிக்கப் போவதில்லை. அப்புறம் யாருக்காகப் பொய்?

அன்றே பார்த்தேன். ரேஸ் முடிந்து எஞ்சினைப் பிரித்தபோதே இந்தக் கோடு கண்ணில் பட்டது. பட்டதும் பனியனில் சுற்றினேன். அது என்ன கோடு என்று யோசித்தால் எங்கே போய் முடியும் என்று தெரிந்ததால் யோசிக்கவில்லை. அதற்குள் மைதானத்தில் நூறு பேர் முன்னால் வாயை விட்டிருந்தேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு ஆறு வருஷம் தாங்கியிருக்கிறது. கம்பெனி புளுகு போலிருக்கிறது.

ஓட்டத் தெரியாமல் ஓட்டிவிட்டு எஞ்சின் சரியில்லை என்று வருகிற டிரைவர்களிடம், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று எத்தனை தடவை நக்கலடித்திருப்பேன். வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை இல்லை.

ஜனவரி 25, சனி

டாக்டரை வரச் சொல்லி, சாக்கை விரித்துக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் எஞ்சினை வேறு யாரிடமாவது கொடுங்கள், நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றும் சொன்னேன். அவர் பேரிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்த கிராங்க் போடலாம், இப்பச் சொல்லுங்கண்ணா. பயத்துல சொல்லாம சொல்லுங்க."

"வெளிதானுங். ஒம்பதாயிரம் சுத்துக்கு அதுதான் சரி. ஓரஞ்சீவுன பேரிங் வரவழைக்கோணும். மூணு வாரமாகும்."

"வரவழைங்க. நீங்களே கட்டுங்க. எங்க தப்புப் பண்ணுனோம்னு தெரிஞ்ச டாக்டர்கிட்டதான் நான் என் பல்லக் காட்டுவேன்."

டீ சொல்கிறேன் என்று வெளியே போனேன். திரும்பி வந்ததும் கேட்டார்:

"அவருகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"யார்கிட்டங்?"

"அந்த கிராங்க் குடுத்தவருகிட்ட."

டீ சூடாக இருந்தது. ஊதி ஊதிக் குடித்தேன்.

ஜனவரி 28, செவ்வாய்

மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். மூன்று வருஷம் கழித்து. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

"மச்சான்? அக்கா நல்லா இருக்காளுங். ஒண்ணுமில்லீங்ளே?"

"ஒண்ணுமில்ல மாப்ள. சும்மாதான்."

"சாப்ட்டீங்ளா?"

"ஆச்சு."

"வெச்சறட்டுங்களா?"

"ம்."

ஐம்பது விநாடி. இதைப் போனில் சொல்ல முடியாது. நேரில் முடியுமா என்று தெரியவில்லை.

ஜனவரி 30, வியாழன்

உக்கடத்தில் எட்டரை பஸ். மஞ்சள் பையில் மூன்றாம் நம்பர் பேரிங்கும் பழைய டைரியும். வழியெல்லாம் பழனிக்கு நடக்கிற பச்சை வேட்டிக்காரர்கள். அவர்களுக்காவது போய்ச் சேருமிடம் சந்தோஷமானது.

ஆனைமலை ரோட்டில் இறங்கித் தென்னந்தோப்புக்குள் ஒரு கிலோமீட்டர் நடை. மில் கண்ணுக்குத் தெரிவதற்கு முன் நார்த் தூசி மூக்குக்குத் தெரிந்தது. கேட்டுக்கு நூறடி இருக்கும்போது பத்தரை டீ மணி அடித்தது.

நின்றுவிட்டேன்.

பள்ளிக்கூடங்களிலும் மில்களிலும் தண்டவாளத் துண்டைத்தான் கட்டித் தொங்கவிடுவார்கள். அது தண்டவாளம் இல்லை. தண்டவாளம் இப்படி அடிக்காது. தெளிவாக எழும்பி, தோப்பைத் தாண்டிப் போய், நின்று நிதானமாக அடங்கியது. முப்பது வருஷமாக இந்தச் சத்தத்தை வைத்துத்தான் சோறு தின்கிறேன்.

கேட்டுக்குள் போனதும் ஷெட் வாசலில் பார்த்தேன். கம்பியில் தொங்குகிறது கிராங்க். மாப்பிள்ளை கொண்டுவந்த எட்டில் ஒன்று. பக்கத்தில் ஆணியில் மாட்டிய ஒரு ஸ்பேனர். அடித்தடித்து ஒரு பக்கம் மட்டும் வெள்ளையாகப் பளபளக்கிறது.

"மச்சான்!" என்று தண்டபாணி ஓடி வந்தான். தலையெல்லாம் நார்த் தூசி. நாற்பத்தைந்து வயதுக்கு நரைத்த மாதிரி இருந்தான். நாற்காலி எடுத்துப் போட்டான், இளநீர் வெட்டச் சொன்னான். உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று எனக்கே தெரியும். பேரிங்கை எடுத்து அவன் கையில் வைத்தேன். டைரியைப் பிரித்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன்.

"கிராங்க்கு மேல தப்பில்ல மாப்ள. பேரிங் நாந்தான் மாத்திப் போட்டேன். நீ படிக்கச் சொன்ன பேப்பரப் படிக்கல. இந்தக் கோட்ட அன்னிக்கே பாத்தேன், பாத்தும் சொல்லல."

அவன் பேரிங்கின் ஓரத்தை விரலால் தடவினான். என்னைத் திட்டுவான், அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போயிருந்தேன். அவன் முகத்தில் கோபம் இல்லை. கணக்குத் தப்பிய பிள்ளை முகம் மாதிரி இருந்தது.

"ஆற அறுத்துட்டனே மச்சான்" என்றான்.

"எத?"

"மீதி இருந்த கிராங்க்குகள. நீங்க சொன்னா சரியாத்தான இருக்கும்? சரக்கே கோளாறு, இன்னொருத்தன் கையக் கால ஒடிச்சுக்கக் கூடாதுன்னு ஆறையும் கேஸ் வெச்சு அறுத்துப் பழைய இரும்புக்குப் போட்டுட்டனுங். ஏழாவதுக்கு வர்றப்ப கேஸ் தீந்துபோச்சு. அதான் இங்க தொங்குது."

அவன் கடையை மூடியது நான் பெயரைக் கெடுத்ததால் என்று நினைத்திருந்தேன். அது மட்டுமில்லை. என்னை நம்பியிருக்கிறான். நம்பித்தான் தன் கையாலேயே அறுத்திருக்கிறான். ஆறு நல்ல கிராங்க். அவன் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பின்னாலிருந்து கோதையின் குரல் கேட்டது. மில்லை ஒட்டித்தான் வீடு. எப்போது வந்து நின்றாள் என்று தெரியாது. இளைத்திருந்தாள். கண்ணாடி போட்டிருக்கிறாள், எப்போதிலிருந்து என்று எனக்குத் தெரியவில்லை.

"இது ஒரு நாளைக்கு நாலு தடவ அடிக்குதுங். ரெண்டு வருசமாக் கேக்கறேன்" என்றாள். "வந்த மொத வாரமே எனக்குச் சந்தேகந்தான். கோளாறு புடிச்ச சரக்கு இப்பிடி அடிக்குமான்னு. அதான் போன ஆடில உங்களக் கேட்டேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே கோதை?"

"நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொன்னீங்க. எதுக்குக் கேக்கறேன்னு கேக்கலீங்ளே."

டைரியை மூடி மஞ்சள் பையில் வைத்தேன்.

தண்டபாணி கிராங்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோதை ஆணியிலிருந்து ஸ்பேனரை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"நல்லாப் பாத்துட்டு இப்பச் சொல்லுங்."

எழுந்து போய் அடித்தேன். ஒர்க்‌ஷாப்பில் லேசாகத் தட்டுவேன். இன்று ஓங்கியே அடித்தேன். தோப்பு முழுக்கக் கேட்டிருக்கும். அடங்கும்வரை மூன்று பேரும் நின்றோம்.

"நல்ல கிராங்க் மாப்ள" என்றேன். போதவில்லை. அன்று நூறு பேர் முன்னால் சொன்னவன் இன்று இரண்டு பேர் முன்னால் முணுமுணுக்கிறேன். அதற்குள் இன்னொரு டீ மணி என்று நினைத்து, ஷெட்டுக்குள்ளிருந்து நாற்பது பேர் முக்காட்டை அவிழ்த்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். வந்ததும் நல்லதாயிற்று. அவர்களைப் பார்த்து உரக்கச் சொன்னேன்: "தண்டபாணி குடுத்த கிராங்க்கு நல்ல கிராங்க்குங்! கோளாறு பண்ணுனது நான். நாச்சிமுத்து. ஆவாரம்பாளையம்!"

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. முன்னால் நின்ற ஒரு அம்மா தண்டபாணியிடம், "ஏனுங் சார், டீ இல்லீங்ளா?" என்றார்.

அவன் முகத்தை ஒரு தடவை துடைத்துக்கொண்டான். "இருக்குது, இருக்குது. இன்னிக்கு ரெண்டு டீ" என்றான்.

மதியம் அங்கேயே சாப்பிட்டேன். கோதை பரிமாறினாள். ரேஸ் என்றைக்கு என்று மட்டும் கேட்டாள். நான்கு மணி பஸ்ஸில் திரும்பிவிட்டேன். வா என்று கூப்பிடவில்லை. கூப்பிடுகிற இடத்தில் நான் இல்லை.

பிப்ரவரி 15, சனி

ஓரம் சீவிய பேரிங் வந்தது. பெட்டியிலிருந்த பேப்பரை இரண்டு தடவை படித்தேன். நீலத் தாள் வைத்துத் திருப்பினேன். ஓரத்தில் ஒன்றும் ஒட்டவில்லை. ஒரு விரலால் திரும்புகிறது.

பிப்ரவரி 23, ஞாயிறு

ஜெசிந்தா டாக்டர் எஞ்சின். கிராங்க் – வெளி. பேரிங் – வெளி, ஓரம் சீவியது. இடைவெளி ஐம்பத்தைந்து மைக்ரான். திருப்பினால் இறுக்கம் இல்லை. நான்கு ஓட்டம். நான்கிலும் எண்ணெய் அழுத்தம் சரி. இரண்டாம் இடம். டாக்டர் துள்ளிக் குதித்தார்.

ரவிசேகர் வந்திருந்தான். மணிக்கட்டு இன்னும் முழுசாக மடங்காதாம். அவனிடமும் சொன்னேன். கேட்டுவிட்டுப் போய்விட்டான். அவன் சொல்ல வேண்டியது எதுவும் இல்லை. அன்று நின்ற ஆட்களில் அகப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். சிலருக்கு 'டூப்ளிகேட்' என்ற பெயர் ஞாபகமிருக்கிறது, யார் வைத்தது என்று ஞாபகமில்லை. நான்தான் என்று ஞாபகப்படுத்தினேன்.

கம்பெனிக்கு மாப்பிள்ளை வந்திருந்தான். ஆறு வருஷம் கழித்து மைதானத்துக்குள். முதல் ஓட்டத்தின்போது கண்ணை மூடிக்கொண்டான். நான்காவதில் திறந்துகொண்டான்.

கோதை வரவில்லை. தூக்குப்போசியில் தக்காளிச் சாதம் கொடுத்தனுப்பியிருந்தாள். இரண்டு பேரும் கார் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அடியில் வடகம் தனியாகக் கட்டி வைத்திருந்தது. தண்டபாணி வடகம் தின்னமாட்டான். கழுவிப் போசியை அவனிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

"போசிய எங்கிட்டக் குடுத்தனுப்ப வேண்டாம்னு சொன்னாளுங் மச்சான். அவளே வந்து வாங்கிக்கறாளாம்."

"எப்ப?"

"அது சொல்லலீங்."

போசி இப்போது வீட்டில் அடுப்பு மேடையில் இருக்கிறது. வெறும் போசியைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பார்கள். இந்த வீட்டில் ஒரு பிடி சர்க்கரைகூடக் கிடையாது. நாளைக் காலையில் முதல் வேலையாகக் கடைக்குப் போக வேண்டும்.